ராட்டினத்தின் வாசலில் இரண்டு மறுப்புகள்
சக்கர நாற்காலியில் செல்லும் குழந்தையுடன் பொழுதுபோக்குப் பூங்காவுக்குச் செல்வோர் அறிய வேண்டியவை

1982ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டியின் சின்னமாக விளங்கிய யானைக்குட்டி அப்புவின் பெயரால், 1984 நவம்பரில் தில்லியில் ‘அப்பு கர்’ திறக்கப்பட்டது. இந்தியாவின் முதல் பொழுதுபோக்குப் பூங்கா என்று அறியப்பட்ட அது இன்று இல்லை. ஆயினும் அது தொடங்கி வைத்த வழக்கம் நாடெங்கும் பரவிவிட்டது. கொச்சி, பெங்களூரு, ஹைதராபாத், மும்பைக்கு அருகிலுள்ள கோபோலி எனப் பல இடங்களில் பெரும் பூங்காக்கள் எழுந்துள்ளன. கோடை விடுமுறை வந்துவிட்டால் குழந்தைகள் முதலில் கேட்பது இத்தகைய இடத்தைத்தான்.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். தாய், தந்தை, பத்து வயது மகள், ஏழு வயது மகன். மகள் சக்கர நாற்காலியைப் பயன்படுத்துகிறாள். இத்தகைய குடும்பங்களில் மூன்றில் ஒன்று நிகழ்வதைக் காண்கிறோம். பூங்காவுக்கே போகாதிருப்பது ஒன்று. மகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு மற்றவர்கள் செல்வது மற்றொன்று. மூன்றாவது, அவளையும் அழைத்துச் சென்று, மர நிழலில் நாற்காலியை நிறுத்தி, பைகளுக்கும் காலணிகளுக்கும் அவளைக் காவலாக வைப்பது. மூன்றாவது முறையில் நுழைவுச் சீட்டுக்குப் பணம் கொடுத்தாயிற்று. ஆனால் அவள் பூங்காவுக்கு வந்தவள் ஆகவில்லை.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். அவர்களுள் சுமார் 54 லட்சம் பேர் இயக்கக் குறைபாடு உடையவர்கள். எனவே இது எங்கோ ஓரிரு வீடுகளின் சிக்கல் அன்று. நான்காவது வழி ஒன்று உண்டு. முன்கூட்டியே தெரிந்துகொண்டு, திட்டமிட்டுச் சென்று, குழந்தையையும் அந்த நாளின் பங்காளியாக்குவது. அதற்குத் தேவையானவற்றை இங்கே வரிசையாகக் காண்போம்.

இரண்டு மறுப்புகள்

சக்கர நாற்காலியுடன் செல்லும் குழந்தைக்குப் பூங்காவில் ‘இயலாது’ என்னும் சொல் நிச்சயம் ஒருமுறையேனும் கேட்கும். அச்சொல்லில் இரண்டு வகை உண்டு. அவ்விரண்டையும் பிரித்தறிவதே இப்பயணத்தின் முதற்பாடம்.

முதல் வகை மறுப்பு இயந்திரத்தின் அமைப்பிலிருந்து பிறப்பது. ரோலர் கோஸ்டர் போன்ற வேகமான சவாரிகளில் பயணியை இருக்கையோடு பிணைத்து வைப்பது மடியின் மேலோ தோளின் மேலோ இறங்கும் பிடிமானக் கம்பிதான். மடிக்கம்பி மேல்தொடையில் பொருந்தி நின்றால்தான் உடலைக் காக்கும். தொடை மிக மெலிந்திருந்தாலோ, கால்களை இருந்த இடத்தில் வைத்துக்கொள்ள முடியாவிட்டாலோ அந்தக் காப்பு குறைந்துவிடும். வண்டி சட்டென்று திரும்பும்போது தலையையும் முதுகையும் நேராக நிறுத்திக்கொள்ளும் வலிமை பயணிக்கு வேண்டும். மின்சாரம் தடைப்பட்டு வண்டி உயரத்தில் நின்றுவிட்டால் குறுகிய படிகள் வழியே நடந்து இறங்க வேண்டியும் வரலாம். இக்காரணங்களால் சொல்லப்படும் மறுப்பு குழந்தையின் உயிரைக் காப்பதற்கானது. அதனை ஏற்க வேண்டும். வாதிட்டு வெல்ல முயலக் கூடாது.

இரண்டாம் வகை மறுப்பு பழக்கத்திலிருந்து பிறப்பது. ‘இவர்களையெல்லாம் ஏற்றுவதில்லை’, ‘மற்றவர்கள் சங்கடப்படுவார்கள்’, ‘எதற்கு வம்பு’ என்பன அதன் வடிவங்கள். மெதுவாகச் செல்லும் சிறு ரயில், அமர்ந்து பார்க்கும் திரைக்காட்சி, பெஞ்சு இருக்கை உள்ள குடைராட்டினம் ஆகியவற்றின் வாசலிலும் இம்மறுப்பு எழுவதுண்டு. இதற்கு இயந்திரம் காரணமன்று. யாரும் முன்பு கேட்டதில்லை, எனவே யாரும் யோசித்ததில்லை என்பதே காரணம். இம்மறுப்பை அமைதியாக, ஆனால் உறுதியாகக் கேள்வி கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

சட்டம் கூறுவது

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இந்த வேறுபாட்டைத் தன் மொழியில் தெளிவாகக் கூறுகிறது. அதன் 3ஆம் பிரிவின்படி, குறைபாட்டைக் காரணம் காட்டி ஒருவரை வேறுபடுத்தி நடத்தக் கூடாது. நியாயமான நோக்கம் ஒன்றை அடைவதற்கு அச்செயல் தகுந்த அளவிலான வழி என்று காட்ட முடிந்தால் மட்டுமே விலக்கு உண்டு. ரோலர் கோஸ்டரில் உயிர்ப் பாதுகாப்பு என்பது அத்தகைய நோக்கம். குடைராட்டினத்தின் பெஞ்சில் ‘எதற்கு வம்பு’ என்பது அத்தகைய நோக்கமாகாது.

‘பொதுக் கட்டடம்’ என்னும் சொல்லுக்கு இச்சட்டம் தரும் விளக்கமும் அறியத்தக்கது. பொதுமக்கள் பயன்படுத்தும் தனியார் கட்டடங்களும், ஓய்வுக்கும் பொழுதுபோக்குக்கும் உரிய கட்டடங்களும் அதில் அடங்கும். 29ஆம் பிரிவு பண்பாட்டு வாழ்விலும் பொழுதுபோக்கிலும் சமமாகப் பங்கேற்கும் உரிமையைப் பேணுமாறு அரசுகளைப் பணிக்கிறது. வெளிப்புற முகாம்களும் சாகச நடவடிக்கைகளும்கூட அதில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளன.

நீதிமன்றங்களும் இதனை வலியுறுத்தியுள்ளன. 2012இல் பெருமூளை வாதம் உடைய ஜீஜா கோஷ் என்னும் செயற்பாட்டாளர், கொல்கத்தாவிலிருந்து கோவாவுக்கு மாநாடு ஒன்றிற்குச் செல்லும் வழியில் விமானத்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். 2016இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. இரண்டாம் வகை மறுப்பின் விலையை அத்தீர்ப்பு காட்டுகிறது. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரத்தூரி வழக்கில் அதே நீதிமன்றம், அணுகல் வசதிக்கான விதிகள் வெறும் பரிந்துரைகளாக நிற்கலாகாது, கட்டாய விதிகளாக வகுக்கப்பட வேண்டும் என்று மத்திய அரசுக்கு ஆணையிட்டது.

புறப்படுவதற்கு முன் கேட்க வேண்டியவை

‘சக்கர நாற்காலி வசதி இருக்கிறதா?’ என்று தொலைபேசியில் கேட்டால் ‘இருக்கிறது’ என்னும் விடையே கிடைக்கும். வாசலில் கடனாகக் கொடுக்கும் நாற்காலி ஒன்று உள்ளது என்பதே அதன் பொருளாக இருக்கலாம். எனவே கேள்விகள் நுணுக்கமாக இருக்க வேண்டும். இயன்றால் மின்னஞ்சலில் கேட்டு, விடையின் படியைக் கையில் எடுத்துச் செல்வது நலம்.

1. எந்தெந்தச் சவாரிகளில் நாற்காலியுடனே ஏறலாம்? எவற்றில் இருக்கைக்கு மாற்றி அமர்த்த வேண்டும்? எவற்றில் அனுமதியே இல்லை? இம்மூன்று பட்டியல்களையும் தனித்தனியே கேட்க வேண்டும்.

2. வரிசையில் நிற்கும் பாதை நாற்காலி செல்லும் அகலம் உடையதா? இல்லையெனில் மாற்று வாயில் எது? வீட்டிலேயே நாற்காலியின் அகலத்தை ஒரு பக்கத் தள்ளுவளையத்திலிருந்து மறுபக்கத் தள்ளுவளையம் வரை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும்.

3. சவாரி ஏறும் இடமும் இறங்கும் இடமும் ஒன்றா? வெவ்வேறாக இருப்பின், குழந்தை இறங்கும்போது நாற்காலி அங்கே வந்திருக்க வேண்டும். அதைக் கொண்டு சேர்ப்பவர் யார்?

4. உயர வரம்பை எவ்வாறு அளக்கிறார்கள்? நிற்க இயலாத குழந்தையை அளவுகோலருகே நிறுத்த முடியாது. குழந்தையைப் படுக்கவைத்து அளந்த உயரத்தைக் குறித்து எடுத்துச் சென்று, அதனை ஏற்பார்களா என்று முன்பே உறுதி செய்துகொள்ளலாம்.

5. கழிப்பறைக் கதவின் அகலம் என்ன? உள்ளே நாற்காலியைத் திருப்ப இடம் உண்டா? மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகாரங்கள் அமைச்சகத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் கதவின் திறப்பு 90 செ.மீ. இருக்க வேண்டும் என்கின்றன. நாற்காலி முழுவதுமாகத் திரும்புவதற்குச் சுமார் ஒன்றரை மீட்டர் இடம் வேண்டும்.

6. சாய்தளங்களின் சரிவு என்ன? ஓரடி உயர்வதற்குப் பன்னிரண்டடி நீளம் என்பது விதி. 15 செ.மீ. உயரமுள்ள ஒரு படிக்கு 1.8 மீட்டர் நீளச் சாய்தளம் தேவை. சரிவு இருமடங்கானால் தள்ளுபவர் செலுத்த வேண்டிய விசையும் ஏறக்குறைய இருமடங்காகும். காலையில் எளிதாகத் தோன்றும் ஏற்றம் மாலையில் தோளை இறக்கிவிடும்.

7. துணைக்கு வருபவருக்குக் கட்டணச் சலுகை உண்டா? சவாரி ஏறாமல் உதவிக்கு மட்டும் வருபவருக்கு முழுக் கட்டணமா?

மருத்துவரிடம் பெற வேண்டிய விடை

எல்லாக் குழந்தைகளும் ஒரே காரணத்திற்காகச் சக்கர நாற்காலியில் அமர்வதில்லை. எனவே அனைவருக்கும் பொருந்தும் ஒரே பட்டியல் கிடையாது. எலும்புகள் எளிதில் முறியும் நிலையுள்ள குழந்தைக்கும், தசைச் சிதைவு நோய் உள்ள குழந்தைக்கும் சிறிய குலுக்கலும் ஆபத்தாகலாம். டவுன் குறைபாடு உள்ள சில குழந்தைகளுக்குக் கழுத்தெலும்பின் இணைப்பு தளர்வாக இருக்கும். வலிப்பு உள்ளவர்களுள் சிலருக்கு விட்டுவிட்டு ஒளிரும் விளக்குகள் தீங்கு செய்யும். முதுகுத்தண்டுப் பிளவுடன் பிறந்த குழந்தைகள் பலருக்கு இயற்கை ரப்பர் ஒவ்வாமை உண்டு. பூங்கா வாசலில் விற்கும் பலூன்கூட அவர்களுக்குத் தொல்லை தரலாம். எந்த வகைச் சவாரி கூடும், எது கூடாது என்று குழந்தையின் மருத்துவரிடம் கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்வது இருவகையில் பயன் தரும். பெற்றோருக்கு அது தெளிவு. வாசலில் நிற்கும் ஊழியருக்கு அது சான்று.

பொதுவாகக் கவனிக்க வேண்டியவை சிலவும் உண்டு. உணர்ச்சி குறைந்த பகுதியில் அழுத்தப் புண் தோன்றினால் குழந்தைக்கு வலி தெரியாது. ஆகவே 15 முதல் 30 நிமிடங்களுக்கு ஒருமுறை உடலைச் சற்று உயர்த்தியோ சாய்த்தோ அழுத்தத்தை மாற்ற வேண்டும். வெயிலில் நின்ற நாற்காலியின் உலோகப் பகுதிகள் சுடும். அமர்த்துவதற்கு முன் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்குப் பாதிப்புக்குக் கீழே வியர்வை சரியாகச் சுரக்காமல் போகலாம். அவர்கள் உடல் விரைவில் சூடேறும்.

மிக முக்கியமான ஒன்று. கழிப்பறைச் சிரமத்தை அஞ்சிக் குழந்தைக்குத் தண்ணீர் கொடுப்பதைக் குறைக்கும் வழக்கம் பல வீடுகளில் உள்ளது. கோடை வெயிலில் இது கேடு தரும். தண்ணீரைக் குறைப்பதற்குப் பதிலாகக் கழிப்பறை இருக்கும் இடத்தை முதலில் அறிந்து, அதனை ஒட்டி அன்றைய பாதையை வகுக்க வேண்டும். வளர்ந்த குழந்தைக்கு உடை மாற்றக் கழிப்பறையில் இடமில்லையெனில், முதலுதவி அறையிலுள்ள கட்டிலைப் பயன்படுத்த அனுமதி கேட்கலாம்.

அன்றைய நாள்

விடுமுறை நாள்களைத் தவிர்த்து, வார நாளில், பூங்கா திறக்கும் நேரத்திலேயே சென்றுவிடுவது நல்லது. முதல் ஒரு மணி நேரத்தில் கூட்டம் குறைவு. ஊழியர்களுக்கும் பேசப் பொறுமை இருக்கும். உள்ளே சென்றதும் விருந்தினர் சேவை மையத்தில் பொறுப்பாளரைச் சந்தித்து, முன்பே பெற்ற விடையைக் காட்டி, அன்று இயங்கும் சவாரிகளை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

நண்பகல் வெயிலில் குளிரூட்டப்பட்ட அரங்கக் காட்சிகளையும், காலையிலும் மாலையிலும் திறந்தவெளிச் சவாரிகளையும் வைத்துக்கொள்ளலாம். குழந்தையை ஊழியர்கள் தூக்கிவிடுவார்கள் என்று எண்ணிச் செல்லக் கூடாது. இருவர் சேர்ந்து தூக்கும் முறையை இயன்முறை மருத்துவரிடம் கற்று, வீட்டிலேயே சில நாள் பழகிக்கொள்ள வேண்டும். மாற்றும் முன் இரு பக்கமும் பிரேக்கைப் போட்டு, கால்தாங்கியை மடக்கிவிட வேண்டும். ஒரு சவாரிக்கு இருமுறை தூக்க வேண்டும். ஐந்து சவாரி என்றால் பத்து முறை. பெற்றோரின் முதுகு தாங்கும் எண்ணிக்கையே அன்றைய சவாரிகளின் எண்ணிக்கை.

நீர் விளையாட்டுப் பகுதியில் அலைக்குளங்கள் பெரும்பாலும் கடற்கரை போலச் சிறிது சிறிதாக ஆழமாகும். அக்கரையோரத்தில் குழந்தை பெற்றோர் மடியில் அமர்ந்து அலையை வாங்கலாம். மின்கலத்தால் இயங்கும் நாற்காலியை அருகே கொண்டு செல்லக் கூடாது. ஈர உடையில் நெடுநேரம் அமர்ந்தால் தோல் நலியும்; உடனே மாற்ற வேண்டும். கையால் தள்ளும் நாற்காலி நனைந்திருந்தால் நல்ல நீரில் கழுவித் துடைத்து வைக்க வேண்டும்.

ஊழியர்கள் பெரும்பாலும் பெற்றோரைப் பார்த்தே ‘குழந்தை இதில் ஏறுமா?’ என்று கேட்பார்கள். ‘அவளிடமே கேளுங்கள்’ என்று சொல்லிப் பழகலாம். ஏறுகிறேன் என்று சொல்லும் உரிமை அவளுக்கு உண்டு. பயமாக இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அதே அளவு உண்டு. இவ்வளவு தூரம் வந்தோமே என்று வற்புறுத்தக் கூடாது.

செலவும் சலுகையும்

நாடெங்கும் செல்லுபடியாகும் தனித்துவ மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை இதுவரை பெறாதவர்கள் முதலில் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். சலுகை கேட்கும் இடங்களில் கையோடு காட்ட அது உதவும். துணையின்றிப் பயணம் செய்ய இயலாத இயக்கக் குறைபாடுடையோருக்கு ரயிலில் இரண்டாம் வகுப்பு, படுக்கை வகுப்பு, மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பு ஆகியவற்றில் 75 விழுக்காடு சலுகை உண்டு. உடன் செல்லும் துணைவர் ஒருவருக்கும் அதே சலுகை கிடைக்கும். இதற்கு ரயில்வேயின் சலுகை அட்டையை முன்னரே பெற்றிருக்க வேண்டும். விமானத்தில் செல்வோர் தங்கள் தேவையைப் பயணத்துக்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்பே நிறுவனத்திடம் தெரிவிக்க வேண்டும்.

குறைபாடுள்ள குழந்தையின் சிகிச்சை, பயிற்சி, மறுவாழ்வு ஆகியவற்றிற்குச் செலவு செய்யும் பெற்றோருக்கு, 80டிடி என்று பரவலாக அறியப்படும் வருமான வரிக் கழிவு பழைய வரிமுறையில் உண்டு. குறைபாடு 40 விழுக்காடும் அதற்கு மேலும் எனில் 75,000 ரூபாய். 80 விழுக்காடும் அதற்கு மேலும் எனில் 1,25,000 ரூபாய். உண்மையில் ஆன செலவு எவ்வளவாயினும் கழிவு இதுவே. இவ்வாறு மிஞ்சும் தொகையில் ஒரு பகுதியைத் தொடர் வைப்புக் கணக்கில் மாதந்தோறும் இட்டு வந்தால், ஆண்டுக்கு ஒருமுறை குடும்பமாகச் செல்லும் பயணத்திற்கு அது கைகொடுக்கும். சிகிச்சைக்குச் சேமிப்பது போலவே மகிழ்ச்சிக்கும் சேமிக்கலாம்.

மறுப்பு நேர்ந்தால்

வாசலில் மறுப்பு எழுந்தால் குரலை உயர்த்தாமல் மூன்று கேள்விகள் கேட்கலாம். இவ்விதி எங்கே எழுதப்பட்டுள்ளது? இது சவாரியைத் தயாரித்தவர் வகுத்ததா, பூங்கா வகுத்ததா? இதற்கு மாற்றாக என்ன செய்து தர முடியும்? முதல் வகை மறுப்பாயின் முதலிரு கேள்விகளுக்கும் உடனே தெளிவான விடை கிடைக்கும். இரண்டாம் வகையாயின் பெரும்பாலும் ‘மேலாளரைக் கேட்டுச் சொல்கிறேன்’ என்னும் விடை வரும். அப்போது மேலாளர் வரும்வரை காத்திருப்பது தகும்.

தீர்வு கிடைக்காவிட்டால், நாள், நேரம், சவாரியின் பெயர் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு நுழைவுச் சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். மத்திய அரசின் ‘சுகம்ய பாரத்’ செயலியில் படத்துடன் புகார் பதியலாம். மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் மனு அளிக்கலாம். கட்டணம் வாங்கிக்கொண்டு சேவை மறுக்கப்பட்டிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம்.

இவை எல்லாவற்றையும்விட உடனடியாகச் செய்ய வேண்டியது, குழந்தையிடம் உண்மையைச் சொல்வது. ‘இந்த வண்டியின் கம்பி உன் காலுக்கு ஏற்றபடி செய்யப்படவில்லை’ என்பது ஒரு செய்தி. ‘உன்னால் முடியாது’ என்பது ஒரு தீர்ப்பு. குழந்தை இரண்டையும் வேறுபடுத்தி உணரும். இரண்டாம் வகை மறுப்பாயின், ‘அவர் சொன்னது சரியல்ல, அப்பா கேட்டுக்கொண்டிருக்கிறார்’ என்றே சொல்லலாம். தனக்காக ஒருவர் மரியாதையுடன் வாதாடுவதைக் காணும் குழந்தை, பின்னாளில் தனக்காகத் தானே பேசக் கற்றுக்கொள்ளும்.

இயந்திரமும் மாறும்

முதல் வகை மறுப்பும் நிலையானதன்று. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் சான் அன்டோனியோ நகரில் 2010இல் ‘மார்கன்ஸ் வொண்டர்லேண்ட்’ என்னும் பூங்கா திறக்கப்பட்டது. மாற்றுத்திறன் கொண்ட தம் மகள் மற்றக் குழந்தைகளோடு விளையாட முடியாமல் ஒதுங்கி நின்றதைக் கண்ட கோர்டன் ஹார்ட்மன், அவள் பெயரிலேயே அதனை அமைத்தார். அங்கே குடைராட்டினத்தில் நாற்காலியுடனே ஏறலாம். நாற்காலியோடு ஆடும் ஊஞ்சலும் உண்டு. 2017இல் அதனருகே திறக்கப்பட்ட நீர்ப் பூங்காவில், மின்கலத்துக்கு மாற்றாக அழுத்தப்பட்ட காற்றால் இயங்கும் நாற்காலிகள் நீருக்குள் செல்கின்றன. மாற்றுத்திறனாளிகளுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை.

நம் நாட்டிலும் தொடக்கங்கள் உள்ளன. சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் 263 மீட்டர் நீள மரப்பாதை அமைக்கப்பட்டு, சக்கர நாற்காலியில் வந்தவர்கள் கடலருகே சென்றனர். சில நாள்களிலேயே மாண்டஸ் புயலில் அது சேதமடைந்தது, பின்னர் சீரமைக்கப்பட்டது. வசதியை அமைப்பதோடு வேலை முடிவதில்லை, அதைப் பேணவும் வேண்டும் என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது.

பூங்காவிலிருந்து திரும்பியதும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. எந்தச் சவாரியில் எளிதாக ஏற முடிந்தது, எந்தக் கதவு குறுகலாக இருந்தது, எந்த ஊழியர் பரிவுடன் நடந்துகொண்டார் என்பவற்றைப் பூங்கா நிர்வாகத்துக்கு ஒரு பக்கக் கடிதமாக எழுதி அனுப்ப வேண்டும். நன்றியும் குறையும் அதில் ஒருங்கே இருக்கட்டும். இயன்றால் மகளே அதை எழுதட்டும். அடுத்த கோடையில் அந்த வாசலுக்கு வரும் மற்றொரு குழந்தைக்கு அக்கடிதம் வழியைச் சற்று அகலமாக்கித் தரும்.